சுறாவுக்குப் பெயர் எத்தனை? பவளப்பாரும் தமிழ்ச் சொல்வளமும்



ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் நகரிலிருந்து படகேறிச் செல்வோர் ராவா, பெசார், திங்கி, சிபு, பெமாங்கில், அவுர் முதலிய தீவுகளை அடைகின்றனர். இத்தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி, 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் 1994இல் வெளியிடப்பெற்ற ஆணையால் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்திருக்கும் மாதங்களில் முதுகில் காற்றுக்கலன் சுமந்து நீருக்குள் இறங்குவோர் அங்குப் பவளத்தையும் ஆமையையும் திருக்கையையும் காண்கின்றனர். செட்டை முனையில் கரிய மை தீட்டியது போன்ற சிறு சுறாக்களையும் காண்கின்றனர். அக்கடலுக்குள் மாந்தர் எவ்வாறு மூச்சுவிடுகின்றனர், அங்கு வாழும் சுறாவின் இயல்பு யாது, இவற்றைச் சொல்லத் தமிழில் உள்ள சொற்கள் யாவை என்னும் மூன்றையும் இவ்வுரை விளக்க முற்படுகிறது.

நீருக்கடியில் மூச்சு

கடல்மட்டத்தில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம். நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேலும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே 10 மீட்டரில் அழுத்தம் இருமடங்கு, 20 மீட்டரில் மும்மடங்கு. அந்த அழுத்தத்தில் நெஞ்சு விரிந்து காற்றை உள்ளிழுக்க வேண்டுமானால், உள்ளே வரும் காற்றும் அதே அழுத்தத்தில் வருதல் வேண்டும். பிரான்சு நாட்டவரான ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் 1943இல் உருவாக்கிய கருவி இதையே செய்தது. கலனில் செறித்து வைத்த காற்றை, ஆழத்துக்கேற்ற அழுத்தத்தில், இழுக்கும்போது மட்டும் தருவதே அதிலுள்ள சீராக்கியின் பணி. 12 லிட்டர் கொள்ளளவுள்ள கலனில் 200 மடங்கு அழுத்தத்தில் ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்று அடங்கும். கடல்மட்டத்தில் நெடுநேரம் வரக்கூடிய இக்காற்று, 10 மீட்டர் ஆழத்தில் பாதி நேரத்துக்கே போதும்.

இத்துறையின் முதல் விதியும் இதிலிருந்தே பிறக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இருமடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழியும். ஆதலால் மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது. மேலேறுவதும் மெல்லவே நிகழ வேண்டும். விரைந்து ஏறினால், அழுத்தத்தால் குருதியில் கரைந்திருந்த நைட்ரசன், மூடி திறந்த சோடாப் புட்டியில் போலக் குமிழியாக வெளிப்பட்டு உடலுக்கு ஊறு செய்யும்.

நீருக்குள் பேச இயலாமையால் கைமொழி ஒன்று வளர்ந்துள்ளது. கரையில் கட்டைவிரலை உயர்த்தினால் ‘நன்று’ என்பது பொருள். கடலுக்குள் அதன் பொருள் ‘மேலே செல்வோம்’ என்பதாகும். ‘நலம்’ என்று சொல்லக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வட்டமாகச் சேர வேண்டும். விரித்த உள்ளங்கையைச் செட்டை போல நெற்றிமேல் நிறுத்தினால் ‘சுறா’ என்பது பொருள். குறிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு வழக்கினால் அமைவது என்று மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர்க்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

குளித்தல், முக்குளித்தல், சுழியோடுதல்

ஸ்கூபா என்பது ஆங்கிலத் தொடரொன்றின் முதலெழுத்துகளால் ஆன சொல். கருவி புதிது, செயல் நமக்குப் புதிதன்று. இன்று நீராடுதலை மட்டும் குறிப்பதாக நாம் கருதும் ‘குளித்தல்’ நீருள் மூழ்குதலையும் குறிக்கும். முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னும் தொழிற்பெயர்களில் அப்பொருள் இன்றும் உயிருடன் உள்ளது. ‘முக்குளித்தல்’ நீர்ப்பறவையொன்றுக்கு முக்குளிப்பான் என்னும் பெயரைத் தந்தது. ஈழத்தமிழர் நீரடியில் பணிபுரிவோரைச் ‘சுழியோடி’ என்கின்றனர். அந்நாட்டு நாளிதழ்களில் இன்றும் அச்சொல்லே வழங்குகிறது. கருவியின் பெயராக ஸ்கூபா இருக்கட்டும். செயலுக்கு முக்குளிப்பு, செய்பவர்க்குச் சுழியோடி என ஆளுதல் தகும்.

மன்னார் வளைகுடாவில் கடலடித் திட்டுக்குப் ‘பார்’ என்பது பெயர். முத்துச்சிப்பி விளைந்த திட்டு முத்துப்பார் எனப்பட்டது. பவளப்பாறை என்னும் வழக்கோடு பவளப்பார் என்பதும் நமக்கு உரியதே.

அப்பார்களில் காற்றுக்கலன் இன்றி, கல்லையும் கயிற்றையும் துணைக்கொண்டு, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கி மூழ்கினோர் சுறாவை அஞ்சினர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட மந்திரக்காரர்க்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அவர்க்கு விளைச்சலில் இருபதில் ஒரு பங்கு அளிக்கப்பட்டதைக் குறித்துள்ளார். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசும் அவர்க்கு ஊதியம் தந்தது. மந்திரத்தை நம்பாத அரசு ஊதியம் தந்ததற்குக் காரணம் எளிது: கடல்கட்டி இல்லையேல் குளிப்போர் கடலில் இறங்கமாட்டார்.

சொல்லின் பரப்பு

நெய்தல் நிலத்துக்குரிய மீன்களுள் சுறா தொன்மையானது. சுறா, சுறவு, சுறவம் என அச்சொல் பல வடிவம் பெறும். தை மாதத்தைச் சுறவம் என எழுதும் தனித்தமிழ் நாட்காட்டிகளை நம் மாணவர் அறிவர். மகர ராசிக்குரிய பெயர் அது. பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி பட்டினப்பாலையில் உண்டு. சுறாவுக்குக் கொம்பு ஏது என்னும் ஐயம் எழலாம். பல்வரிசை கொண்ட நீண்ட அலகுடைய வேளா மீனை நினைத்தால் ஐயம் நீங்கும். இன்றைய உயிரியல் வேளாவைத் திருக்கையினத்தில் வைக்கும். பழந்தமிழர் அதனையும் சுறா என்றனர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

மீனவர் வழக்கில் வகைகள் தனித்தனிப் பெயர் பெற்றுள்ளன. தலை இருபுறமும் நீண்டது கொம்பன் சுறா. தாய்ப்பால் பெருகும் என்று மகப்பேற்றுத் தாயர்க்குச் சமைத்தளிப்பது பால்சுறா. மீன்களுள் மிகப் பெரியதாகிய திமிங்கிலச் சுறாவை மன்னார் வளைகுடா மீனவர் அம்மணி உழுவை என்பர். மிதவையுயிரிகளையும் சிறுமீன்களையும் வடித்துண்ணும் அப்பெருமீனுக்கு அம்மணி என்னும் மதிப்புப் பெயர் நன்கு பொருந்துகிறது. மலாய் மொழியிலும் ‘யூ’ என்பது பொதுப்பெயர். பெரியவற்றை ‘ஜெருங்’ என்பர்.

அச்சமும் சட்டமும்

ஜொகூர்த் தீவுகளில் காணப்பெறும் கருமுனைச் சுறா ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமே வளரும். மனிதரைக் கண்டால் பெரும்பாலும் விலகிச் செல்லும். உலகெங்கும் சுறாவின் தாக்குதலால் இறப்போர் சராசரியாக ஆண்டுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதரால் இறக்கும் சுறாக்களோ ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி என 2013இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. பிற மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிட, கருமுனைச் சுறா ஓர் ஈற்றில் சில குட்டிகளையே ஈனும். இழப்பை விரைந்து ஈடுசெய்ய அதனால் இயலாது.

இதனால் சட்டம் வந்தது. மலேசியாவில் 1999ஆம் ஆண்டு விதிகள் திமிங்கிலச் சுறாவைக் காத்தன. பின்னர் வேளாவும், 2019இல் கொம்பன் சுறா வகைகள் சிலவும் பட்டியலில் சேர்ந்தன. இந்தியா 2001இல் திமிங்கிலச் சுறாவுக்குக் காப்பளித்தது. இங்குத்தான் மொழியின் பொறுப்பு தொடங்குகிறது. சட்டம் ‘சுறா’ என்று பொதுவாகச் சொல்வதில்லை. இன்ன வகை என்று பிரித்துச் சொல்கிறது. சந்தையில் துண்டாக்கப்பட்ட இறைச்சியைச் சுறாப்புட்டுக்கு வாங்கும் குடும்பம், எது பால்சுறா, எது கொம்பன் என்று கேட்கும் சொல்லை இழந்துவிட்டால், சட்டம் காக்க முனைவதை அறியாமலே உண்டுவிடும். கரையில் வாழ்ந்தோர் சேர்த்த பெயர்கள் பாடநூலில் ‘சுறா, ஒரு கொடிய மீன்’ என்னும் ஒரே வரியாகச் சுருங்குமானால், இழப்பு மொழிக்கு மட்டும் உரியதன்று.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நெய்தல் திணையைக் கற்பிக்கையில், பேரகராதியைத் திறந்து மீன்பெயர்களைத் தொகுக்கும் பணியை மாணவர்க்கு அளியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மலாய்ப் பெயரையும், அவ்வுயிர் காக்கப்பட்டதா என்னும் குறிப்பையும் அவர்கள் எழுதட்டும். மெர்சிங் கடலுக்குள் இறங்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது. கரையில் நின்றபடியே அக்கடலை அறிந்து பேசும் வாய்ப்பை ஒவ்வொரு வகுப்பறையும் தரலாம்.