சிவப்பு விளக்கு சொல்லும் செய்தி

மைசூரு நகரின் நடுவில் தேவராஜ மொஹல்லா அமைந்துள்ளது. மொஹல்லா என்னும் சொல் நகரத்தின் ஒரு குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும். தமிழில் வழங்கும் பேட்டை என்பதைப் போன்றது. மைசூருவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சொந்த ஊர் செல்வதுண்டு. சாமராஜநகரைக் கடந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் அடிவாரத்தில் பண்ணாரியும் அதற்கப்பால் சத்தியமங்கலமும் வரும். பழைய டீசல் காரில் அவ்வழியே செல்வோர், புறப்படும் முன் சோதிக்க வேண்டியவற்றுள் ஒன்று அதன் மின்னேற்ற அமைப்பு ஆகும்.

மின்னேற்ற அமைப்பு

காரின் விளக்கு, ஒலிப்பான், துடைப்பான் ஆகிய யாவும் மின்சாரத்தால் இயங்குகின்றன. எந்திரத்தை முதலில் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டருக்கும் மின்சாரம் வேண்டும். அதனைச் சேமித்து வைப்பது பேட்டரி. செலவான மின்சாரத்தை மீண்டும் பேட்டரியில் நிரப்புவது ஆல்டர்னேட்டர். எந்திரம் ஓடும்போது ஒரு பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிறது. மிகப் பழைய கார்களில் இப்பணியை டைனமோ செய்தது.

கம்பிச் சுருளின் அருகே காந்தம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். காவிரியின் சிவனசமுத்திர அருவியில் 1902ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையம் இதே விதியின்படி மின்சாரம் ஆக்கிக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பியது. அத்தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்தனர். அங்கே அருவி நீர் சுழற்றியது. காரில் எந்திரம் சுழற்றுகிறது. ஆல்டர்னேட்டரில் பிறப்பது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். பேட்டரிக்கோ ஒரே திசையில் பாயும் மின்சாரமே தேவை. அம்மாற்றத்தைச் செய்பவை டையோடுகள். மின்னழுத்தம் அளவுக்கு மீறாமல் காப்பது ரெகுலேட்டர்.

பழுது மறைந்திருப்பது ஏன்?

பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். டீசல் எந்திரத்திலோ காற்று மிகுதியாக அழுத்தப்பட்டுச் சூடாவதால் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே, பழைய டீசல் கார்கள் பலவற்றில் ஒருமுறை எந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால், ஆல்டர்னேட்டர் பழுதுபட்டாலும் அது நிற்காமல் ஓடும். ஓட்டுநர் குறை ஒன்றும் உணரமாட்டார். மாலையில் விளக்கை ஏற்றும்போது ஒளி மங்கும். மறுநாள் காலை எந்திரம் சுழலாது. டீசல் எந்திரத்தைச் சுழற்ற ஸ்டார்ட்டருக்கு மிகுந்த மின்னோட்டம் தேவை. குளிர்ந்த வேளையில் ஹீட்டர் பிளக்குகளும் மின்சாரத்தை ஈர்க்கும். எனவே, தளர்ந்த பேட்டரியால் அப்பணியைச் செய்ய இயலாது.

இந்நிலையில் பலர் பேட்டரியே கெட்டுவிட்டது என எண்ணிப் புதியது வாங்குகின்றனர். பழுது ஆல்டர்னேட்டரில் இருப்பின், புதிய பேட்டரியும் சில நாள்களில் அதே கதியை அடையும். பணமும் வீணாகும், குறையும் தீராது.

கண்டும் கேட்டும் அறிதல்

காரின் முகப்பில் பேட்டரி வடிவம் பொறித்த சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் அது ஒளிர வேண்டும். எந்திரம் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஓடும்போதும் ஒளிர்ந்தால் மின்னேற்றம் நிகழவில்லை என்பது பொருள். மங்கலாக ஒளிர்ந்தால் டையோடிலோ கம்பி இணைப்பிலோ குறை இருக்கலாம். சாவியைத் திருப்பியபோது விளக்கு ஒளிரவே இல்லை எனில் அதனையும் புறக்கணித்தல் ஆகாது. பழைய கார்கள் பலவற்றில் இவ்விளக்கின் வழியாகச் செல்லும் சிறு மின்னோட்டமே ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடுகிறது. ஆகையால், அச்சிறு விளக்கு எரிந்துபோனாலே மின்னேற்றம் தடைப்படக்கூடும்.

பழைய டீசல் கார்கள் பலவற்றில் எந்திரச் சுழற்சியைக் காட்டும் முள், ஆல்டர்னேட்டரிலிருந்தே செய்தி பெறுகிறது. அம்முள் அசையாது நின்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் சோதித்தல் வேண்டும். எந்திரத்தை முடுக்கும்போது கீச்சென்ற ஒலி எழுந்தால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது எனக் கொள்ளலாம். பேட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பும் மின்னோட்டத்தைத் தடுக்கும்.

அளந்து அறிதல்

ஐயம் எழுந்தபின் அதனைத் தீர்ப்பது மல்டிமீட்டர் என்னும் அளவி. பேட்டரியின் இரு முனைகளிலும் அதன் கம்பிகளை வைத்து மூன்று நிலைகளில் அளக்க வேண்டும்.

முதலாவது, இரவு முழுவதும் கார் ஓய்ந்திருந்த நிலை. பேட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். எனவே, நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட்டுக்குக் குறைந்தால் பேட்டரி பெரிதும் வறண்டுள்ளது.

இரண்டாவது, எந்திரம் ஓடும் நிலை. அப்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருத்தல் நன்று. ஓய்ந்த நிலையில் இருந்த அளவே நீடித்தால் மின்னேற்றம் இல்லை. 15 வோல்ட்டுக்கு மேற்பட்டால் ரெகுலேட்டர் கெட்டுள்ளது. பேட்டரியின் நீர் வற்றும், விளக்குகளும் எரிந்துபோகும்.

மூன்றாவது, முகப்பு விளக்குகளையும் காற்றாடியையும் இயக்கிய நிலை. அளவு சற்றே குறையலாம்; 13 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் ஆல்டர்னேட்டர் சுமையைத் தாங்கவில்லை என்று பொருள்.

குறையின் இருப்பிடம்

மின்னேற்றம் இல்லையெனில், ஆல்டர்னேட்டரின் மின்வெளி முனையிலும் அளக்க வேண்டும். அங்கே 14 வோல்ட் இருந்து பேட்டரியில் 12.5 மட்டுமே இருந்தால் ஆல்டர்னேட்டர் குற்றமற்றது. இடையிலுள்ள கம்பியிலோ எர்த் இணைப்பிலோ தடை உள்ளது. துருவைச் சுரண்டி இறுக்கினால் போதும். இரு முனைகளிலும் அளவு குறைவாக இருந்து, பெல்ட்டும் தூண்டும் மின்னோட்டமும் சரியாக இருந்தால், ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தேய்ந்திருப்பவை கார்பன் பிரஷ்களே. அவற்றை மட்டும் மாற்றினால் பழைய ஆல்டர்னேட்டர் மீண்டும் உழைக்கும்.

டீசல் கார்களுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. பிரேக் மிதியை எளிதாக்கும் கருவிக்கு வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எந்திரம் காற்றை உறிஞ்சும்போதே அதனை உண்டாக்கும். டீசல் எந்திரம் அவ்வாறு உண்டாக்காது. ஆகவே பல டீசல் கார்களில் ஆல்டர்னேட்டரின் பின்புறம் ஒரு வெற்றிடப் பம்பு பொருத்தப்பட்டுள்ளது. அதன் எண்ணெய் கசிந்து உள்ளே புகுந்தால் கார்பன் பிரஷ்கள் அழுக்கடைந்து மின்னேற்றம் தடைப்படும். பெல்ட் அறுந்தாலோ பம்பும் நின்றுவிடும். சிறிது நேரத்தில் பிரேக் மிதி கல்போல் இறுகும். எந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பும் பல கார்களில் அதே பெல்ட்டால் சுழல்கிறது. எனவே, மலைப்பாதையில் சிவப்பு விளக்கு ஒளிர்ந்தால், வெளிச்சக் குறை மட்டுமன்று, பிரேக் குறையும் நேரக்கூடும். பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தி, பெல்ட்டைப் பார்த்த பின்னரே மேலே செல்லுதல் அறிவுடைமை.

செய்யத் தகாதவை

எந்திரம் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள காரில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து டையோடுகள் கருகும். மின்னேற்றத்தின்போது பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிப்படுவதால் அருகில் நெருப்பு ஆகாது. சுழலும் பெல்ட்டின் அருகே கையும் தளர்ந்த ஆடையும் செல்லக் கூடாது. இச்சோதனைகளைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். சிறுவர்கள் உடனிருந்து அளவுகளைக் குறித்துக்கொள்ளலாம்.

அளவுகளைக் குறித்துவைத்த தாளுடன் பணிமனைக்குச் செல்பவர் தேவையற்ற உறுப்பை வாங்கார். ஊர் செல்லும் வழியில் இருளில் நிற்கவும் நேராது.

பயிற்சி

கீழ்வரும் நிலைகளில் குறை எங்கே இருக்கக்கூடும் எனக் காரணத்துடன் எழுதுக.

1. ஓய்ந்த நிலையில் 12.3 வோல்ட், எந்திரம் ஓடும்போதும் 12.3 வோல்ட், சிவப்பு விளக்கு எப்போதும் ஒளிரவில்லை.

2. எந்திரம் ஓடும்போது ஆல்டர்னேட்டர் முனையில் 14.2 வோல்ட், பேட்டரி முனையில் 12.6 வோல்ட்.

3. எந்திரம் ஓடும்போது 15.6 வோல்ட், பேட்டரியின் நீர் அடிக்கடி வற்றுகிறது.

4. சிவப்பு விளக்கு ஒளிர்கிறது. பிரேக் மிதியும் இறுகிவிட்டது.