புதிய வகுப்புக்குப் பழைய பையையும் ஒருமுறை திறந்து பார்ப்போம்



புதிய கல்வியாண்டு நெருங்கும்போது எங்கள் வீடுகளில் நித்திரை குறைந்துவிடும். கொப்பி, பை, சப்பாத்து, சீருடைத் தையற்கூலி என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் பொங்கல் செலவும் கூடவே வரும். கணவரை இழந்தோ, காணாமற்போனவரைத் தேடிக்கொண்டோ தனியே பிள்ளைகளை வளர்க்கும் எங்களுக்கு, கடன் பல வேளைகளில் இந்த வாசலால்தான் உள்ளே வருகிறது. காதில் கிடந்த தோடு அடைவுக்குப் போகிறது. கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடனோடு இன்னொரு கடனும் சேர்கிறது. தையில் வாங்கிய பை ஆவணியில் கிழிந்த பின்னும், அதற்குப் பட்ட கடன் தீராதிருப்பதை எங்கள் ஊரில் கண்டிருக்கிறேன்.

சிக்கனம் எங்களுக்குப் புதிதல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி வைத்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நாங்கள். அச்சுத்தாள் இல்லாத நாட்களில் 'உதயன்' பத்திரிகை கோடிட்ட கொப்பித் தாளிலும் வெளிவந்தது. அன்று வேறு வழியில்லாமல் கற்ற கைப்பழக்கத்தை இன்று எங்கள் நன்மைக்கு நாங்களே பயன்படுத்தலாம்.

கடைக்குப் போகுமுன் வீட்டை ஒருமுறை பாருங்கள். நான் விடுமுறையில் ஒரு பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிவைத்து பழைய பைகள் எல்லாவற்றையும் பாயில் கொட்டுவேன். எழுதாத ஒற்றைகளைக் கழற்றி, தடித்த நூலால் தைத்தால் கணக்குச் செய்து பார்ப்பதற்கு இரண்டு மூன்று கொப்பிகள் தேறும். அடிமட்டம், கொம்பாஸ் பெட்டி, பாதி தேய்ந்த அழிறப்பர் எல்லாம் அங்கேயே கிடக்கும். இல்லாதவற்றை மட்டும் ஒரு துண்டில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். கடதாசியின் அருமை 2022இல் நாடு முழுவதற்கும் தெரிந்தது. அந்த ஆண்டு பங்குனியில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன.

சீருடைத் துணி 1993 முதல் அரசினால் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. தைக்கக் கொடுக்கும்போது கீழ்மடிப்பை மூன்று அங்குலமாவது உள்ளே விடச் சொல்லுங்கள். பிள்ளை வளர வளர அவிழ்த்து விடலாம். வெள்ளைத் துணி என்பதால் துவைத்து அயன் பண்ணினால் பழைய மடிப்புக் கோடு பெரிதாகத் தெரியாது. மூத்த பிள்ளைக்குச் சிறுத்துப்போன சட்டை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அளவாக இருக்கும். மிகவும் நைந்ததை வெட்டி ஓரம் தைத்தால் கைலேஞ்சி. பையின் சிப் பழுதானால் சப்பாத்துத் தைப்பவரிடம் ஒருதரம் காட்டுங்கள். புதுப்பை வாங்கும் காசு பலவேளை மிஞ்சும்.

கொப்பிக்குப் பிளாஸ்ரிக் உறை தேவையில்லை. பழைய கலண்டர் தாள் நன்றாக உழைக்கும். சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாள் 2017 புரட்டாதி முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஒரு எவர்சில்வர் பெட்டி வாங்கினால் பல வருடங்களுக்குக் கவலையில்லை. அது இல்லாவிட்டால் வாழையிலை இருக்கிறது. தை, மாசியில் அவித்த பனங்கிழங்கைக் கொடுத்துவிட்டால் கடைப் பைக்கற்றும் வேண்டியதில்லை. குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். நிலத்தில் எறியும் பிளாஸ்ரிக் உக்குவதில்லை. வளவில் போட்டுக் கொளுத்தினால் டயொக்சின் போன்ற நஞ்சு புகையோடு கலந்து எங்கள் பிள்ளைகளின் மூச்சிலேயே சேர்கிறது.

புதிதாக வாங்க வேண்டியவற்றைக் கூடி வாங்குவோம். எங்கள் ஒழுங்கையில் ஐந்து தாய்மார் சேர்ந்து காசு போட்டு, இருவரை மட்டும் நகரத்துக்கு அனுப்பினோம். கொப்பியை டசின் கணக்கில் எடுத்ததால் விலை குறைந்தது. மற்ற மூவரின் பஸ் காசும் மிச்சம்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. என் இளையவள் அண்ணனின் பழைய பையைக் கொண்டுபோக மாட்டேன் என்று அழுதாள். பையில் அவனுடைய பெயர் எழுதியிருந்தது. பிள்ளையின் வெட்கத்தைச் சின்ன விடயமென்று தள்ளக்கூடாது. அந்தப் பெயருக்கு மேல் துணியில் ஒரு பூ வெட்டித் தைத்துக் கொடுத்தேன். அதோடு, வருடத்துக்கு ஒரு பொருள் ஒவ்வொரு பிள்ளையும் தன் விருப்பத்துக்குப் புதிதாகத் தெரியலாம் என்று வீட்டில் ஒழுங்கு வைத்தேன். அவள் தெரிந்தது ஒரு பென்சில் பெட்டி.

பாடசாலையும் உதவ வேண்டும். ஒரு பாடசாலையில் எல்லாக் கொப்பிகளுக்கும் ஒரே நிறப் பிளாஸ்ரிக் உறை போடச் சொன்னார்கள். நாங்கள் சிலர் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, எங்கள் நிலைமையை அமைதியாகச் சொன்னோம். கடதாசி உறை போதும் என்று தீர்மானமானது. கேட்டால் கிடைக்கும் என்று எப்போதும் சொல்ல முடியாது. கேட்காவிட்டால் எங்கள் கஷ்டம் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

உரியதையும் கேட்டுப் பெறுங்கள். இலவசக் கல்வி 1945இலும் இலவசப் பாடநூல் 1980இலும் வந்தவை. 2025 கல்வியாண்டுக்கு அஸ்வெசும குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்றல் உபகரணங்கள் வாங்க 6,000 ரூபா வழங்கப்பட்டது. இப்படியான உதவி இவ்வாண்டு உண்டா என்று கிராம அலுவலரிடமும் அதிபரிடமும் விசாரியுங்கள். எங்கள் வரிப்பணத்தில் வருவதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

பாடசாலை தொடங்குவதற்கு இரண்டு கிழமை முன்னர், மாதர் சங்க மண்டபத்திலோ ஒருவர் வீட்டு விறாந்தையிலோ கூடுங்கள். சிறுத்த சட்டை, சப்பாத்து, பை, மேல்வகுப்புக் குறிப்புக் கொப்பி என்று இருப்பதைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள். தையல் தெரிந்தவர் மெசினோடு வரட்டும். அதன்பின் மிஞ்சும் தேவைக்கு மட்டும் காசை எடுப்போம். தோடு காதிலேயே இருக்கட்டும்.