அம்மாவுக்கு சத்து மாத்திரை... 2 வயசு குழந்தைக்கு விஷம்! மறுபடி உண்டாகி இருக்கும் வீடுகளில் உஷார்

சென்னை: மூத்தது இன்னும் ஒழுங்கா நடை பழகலை, அதற்குள் அடுத்தது வயிற்றில். நம்ம ஊரில் இது புதுசு இல்லை. "ரெண்டையும் ஒண்ணா வளர்த்துடலாம்" என்று மாமியாரும் சொல்வார், பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். வளர்த்துவிடலாம்தான். ஆனால் இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு ஆபத்து சத்தமில்லாமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கும் சிவப்பு நிற இரும்புச் சத்து மாத்திரைதான் அது.

பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். மேலே இனிப்புப் பூச்சு. அம்மா தினமும் ஒன்றை வாயில் போடுவதை பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. கையில் கிடைத்தால் சும்மா விடுமா?

"சத்து மாத்திரைதானே, என்ன ஆயிடப் போகுது?" என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கணக்கைப் பாருங்கள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினாலே வாந்தி, வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும். 60 மில்லிகிராமைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. 10 கிலோ எடையுள்ள குழந்தை 4 மாத்திரை விழுங்கினால் கஷ்டம் தொடங்கிவிடும். 10 மாத்திரை, அதாவது ஒரே ஒரு அட்டை, உள்ளே போனால் பிழைப்பது பெரும்பாடு.

காரணம், கூடுதலாகச் சேர்ந்த இரும்பை வெளியே தள்ள நம் உடம்பில் வழியே இல்லை. அது முதலில் வயிறு, குடலின் உள்தோலை அரிக்கும். பிறகு ரத்தத்தில் கலந்து கல்லீரலையும் இதயத்தையும் தாக்கும்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் சின்னக் குழந்தைகள் விஷமேறி இறந்ததற்கு முக்கிய காரணங்களில் ஒன்றாக இந்த இரும்பு மாத்திரைதான் இருந்தது. அதனால் 1997-ல் டப்பா மீது எச்சரிக்கை வாசகம் போடுவதை அங்கே கட்டாயம் ஆக்கினார்கள். நம்ம வீட்டு மாத்திரை சில நேரம் அட்டையில் வருகிறது, சில நேரம் பேப்பர் கவரில் உதிரியாகவே வருகிறது.

தூங்குதுன்னு ஏமாறாதீங்க!

இதில் மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. மாத்திரையைத் தின்ற முதல் 6 மணி நேரத்தில் குழந்தை வாந்தி எடுக்கும், வயிற்றால் போகும், சில சமயம் ரத்தமும் வரும். அதன் பிறகு எல்லாம் நின்று, குழந்தை சரியாகிவிட்டது போலத் தெரியும். "சூடு பிடிச்சிருந்தது, தணிஞ்சிடுச்சு" என்று படுக்க வைத்துவிடுவார்கள். ஆனால் உள்ளே விஷம் வேலை செய்துகொண்டே இருக்கும். அடுத்த நாள், அதற்கு அடுத்த நாள் என்று திடீரென மயக்கம், கல்லீரல் பாதிப்பு என வந்து நிற்கும். அதனால் வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

சந்தேகம் வந்தாலே 108-க்கு போன் போடுங்க. இல்லையென்றால் ஆட்டோ பிடித்து, குழந்தைகள் வார்டு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்க. சென்னையில் என்றால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்க. எத்தனை இருந்தது, எத்தனை மிச்சம், எத்தனை மணிக்கு நடந்தது என்று சொன்னால் டாக்டருக்கு பாதி வேலை மிச்சம். எக்ஸ்ரே எடுத்தால் சில நேரம் மாத்திரை வயிற்றில் இருப்பது தெரியும். இரும்பை ரத்தத்தில் இருந்து பிரித்து எடுக்கும் ஊசி மருந்தும் இருக்கிறது. நேரத்தோடு போனால்தான் அது கைகொடுக்கும்.

உப்புத் தண்ணி, புளித் தண்ணி, சாணிக் கரைசல் எதுவும் வேண்டாம். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். மூச்சுக் குழாய்க்குள் போனால் அது வேறு வினை.

பயந்து மாத்திரையை நிறுத்தலாமா?

கூடவே கூடாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போகக் கூடாது. ஒரு பிரசவம் முடிந்து அடுத்தது உண்டாக 2 வருஷமாவது இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இடைவெளி இல்லாமல் உண்டானவர்களுக்கு உடம்பில் இரும்பு ஏற்கனவே காலி. மாத்திரையை டீ, காபியோடு போடாமல், கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காமல் தனியாகப் போட்டால்தான் உடம்பில் ஒட்டும். மலம் கருப்பாகப் போவது சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்படியானால் எங்கே வைப்பது? ஒரே ரூமில் குடித்தனம் நடத்துபவர்களிடம் "பூட்டிய அலமாரியில் வைங்க" என்று சொல்வது சுலபம். அலமாரி எங்கே இருக்கு? டி.வி. மேஜை, தலையணை அடி, அம்மாவின் கைப்பை, இந்த மூன்றும் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும் வயசு இது, பிரிட்ஜ் மேலே என்பதும் நம்பிக்கை இல்லை. இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு பரண் மேலே வைங்க. இல்லையென்றால் ஆள் உயரத்துக்கு மேலே ஆணி அடித்துப் பையில் தொங்கவிடுங்க. எட்டாவது மாசத்தில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அம்மா பரணில் ஏற முடியாது. தினமும் ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது வீட்டுக்காரர் வேலை. வேலைக்குக் கிளம்பும் முன் அதைச் செய்தால் போதும்.

பிள்ளை எதிரில் மாத்திரை போடாதீங்க. "மிட்டாய்" என்று விளையாட்டுக்குக்கூட சொல்லாதீங்க. கீழே விழுந்தால் தேடி எடுத்துவிடுங்க.

மூத்ததுக்குத் தாய்ப்பால் கொடுப்பதை உடனே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தக் கசிவு, முன்கூட்டியே வலி போன்ற சிக்கல் இல்லாத பெண்கள் தொடரலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்க. நாலைந்து மாசத்தில் பால் தானாகவே குறையும், ருசியும் மாறும். பல பிள்ளைகள் அதிலேயே விட்டுவிடும்.

ஆறு மாசம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கும் இரும்புச் சத்து டானிக் இலவசமாகக் கிடைக்கிறது. வாரம் 2 தடவை, ஒரு தடவைக்கு 1 மில்லி மட்டும். அதில் 20 மில்லிகிராம் இரும்பு. பிள்ளைக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தப் பாட்டிலும் இனிப்பாகத்தான் இருக்கும். பிரசவம் ஆன பிறகும் அம்மாவுக்கு இன்னொரு 180 நாளைக்கு மாத்திரை உண்டு. அதற்குள் மூத்தது இன்னும் நல்லா ஏறப் பழகி இருக்கும். பாட்டில், மாத்திரை ரெண்டும் பரண் மேலேயே இருக்கட்டும்.