சுப்பர்மேன் கெட்டவனாக வளர்ந்தால்...?

சுப்பர்மேனைத் தெரியாத பிள்ளைகள் இன்று இல்லை எனலாம். பாடசாலைப் பையிலும் தண்ணீர்ப் போத்தலிலும் பெருநாளைக்கு வாங்கிய சேர்ட்டிலும்கூட அவனது சிவப்புத் துணி பறந்து கொண்டுதான் இருக்கிறது. கதையைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள். அழியப்போகும் ஒரு கிரகத்திலிருந்து ஒரு குழந்தையைச் சிறிய கலத்தில் வைத்து வானத்தில் அனுப்புகிறார்கள். அது பூமியில் வந்து விழுகிறது. பிள்ளைப் பாக்கியமற்ற ஒரு கமக்காரத் தம்பதியர் அதைக் கண்டெடுத்து வளர்க்கிறார்கள். பையன் வளர்ந்து உலகத்தைக் காப்பாற்றுகிறான். அவ்வளவுதான்.

ஆனால் அவன் ஏன் உலகத்தைக் காப்பாற்ற வேண்டும்? துப்பாக்கி துளைக்காத உடம்பு, சுவரை ஊடுருவும் பார்வை, பறக்கும் ஆற்றல் எல்லாம் கிடைத்த ஒருவன் யாருக்குப் பயப்பட வேண்டும்? இந்தக் கேள்வியைத்தான் 2019ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிரைட்பேர்ன்’ என்ற அமெரிக்கத் திரைப்படம் எடுத்துக் கொண்டது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதையைப் பார்த்துவிடுவோம். அதில் உம்மாமார் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது.

சுப்பர்மேனை உருவாக்கியவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள். ஒருவர் எழுதுவார், மற்றவர் படம் வரைவார். 1938இல் சுப்பர்மேன் முதன்முதலாக ஒரு படக்கதைப் புத்தகத்தில் வந்தான். அதற்காகவும் அந்தப் பாத்திரத்தின் முழு உரிமைக்காகவும் இருவருக்கும் கிடைத்தது வெறும் 130 டொலர்! அந்த முதற் கதையில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. வழியிற் சென்ற ஒருவர் குழந்தையைக் கண்டெடுத்து அநாதை இல்லத்தில் ஒப்படைத்துவிடுகிறார். அடுத்த ஆண்டு, 1939இல், சுப்பர்மேனுக்கென்றே தனிப் புத்தகம் வந்தபோதுதான் கென்ட் தம்பதியர் கதைக்குள் வருகிறார்கள். உன் பலத்தை மறைத்து வைத்துக்கொள், மக்கள் உன்னைக் கண்டு பயந்து போவார்கள் என்று தகப்பன் சொல்கிறார். காலம் வரும்போது அதை மனிதர்களுக்கு உதவப் பயன்படுத்து என்று தாய் சொல்கிறாள். படக்கதையில் இரண்டு மூன்று கட்டங்கள்தான். ஆனால் அந்தக் கட்டங்கள் இல்லையென்றால் சுப்பர்மேனே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே இருவரும் 1933இல், பதினெட்டு வயதில், தாங்களே அச்சிட்ட ஒரு சிறு சஞ்சிகையில் ‘சுப்பர்மேன்’ என்ற பெயரில் வேறொருவனைப் படைத்திருந்தார்கள். அவன் வில்லன்! அமெரிக்காவில் வேலையின்மை தலைவிரித்தாடிய நேரம் அது. ரொட்டிக்காக வரிசையில் நின்ற ஓர் ஏழையை விஞ்ஞானி ஒருவர் அழைத்துச் சென்று ஒரு மருந்தைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறார். பிறர் மனதை அறியும் சக்தி வந்ததும் அவன் உலகத்தையே ஆளப் புறப்படுகிறான். மருந்தின் வேகம் குறைந்ததும் மீண்டும் அதே ரொட்டி வரிசைக்குத்தான் திரும்புகிறான். ஆக, கெட்ட சுப்பர்மேன்தான் முதலில் பிறந்தவன். நல்லவன் பிறகுதான் வந்தான்.

இனி ‘பிரைட்பேர்ன்’. டேவிட் யாரோவெஸ்கி இயக்கிய படம். கன்சாஸ் மாநிலத்திலுள்ள ஒரு பண்ணை வீடு. டோரி, கைல் என்ற தம்பதியர் பிள்ளைக்காக ஏங்கிக் கொண்டிருக்கிறார்கள். ஓர் இரவு வானத்திலிருந்து ஏதோ வந்து விழுகிறது. இதுவரை அப்படியே சுப்பர்மேன் கதைதான். பிரெண்டன் என்று பெயரிட்டு அன்பாக வளர்க்கிறார்கள். கெட்டிக்காரப் பையன், அமைதியானவன். பன்னிரண்டு வயதாகும்போது தொழுவத்தில் பூட்டி வைத்திருந்த கலம் இரவில் அவனைக் கூப்பிடத் தொடங்குகிறது. உலகத்தை எடுத்துக்கொள் என்பதுதான் அதன் கட்டளை.

வகுப்பில் ஆசிரியை தேனீக்கும் குளவிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கிறார். சொந்தமாகக் கூடு கட்டும் ஆற்றலை இழந்துவிட்ட ஒருவகைக் குளவி, பலத்தைக் காட்டி மற்றக் குளவிகளைக் கொண்டு தன் குஞ்சுகளை வளர்க்கிறது என்று பிரெண்டன் விளக்கம் சொல்கிறான். முழுப் படமும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள் நமது பெரியவர்கள். வளர்ப்பின் சக்தியைச் சொல்லும் பேச்சு அது. இந்தப் படம் அதைத் தலைகீழாக்குகிறது. எவ்வளவு கொட்டினாலும் அது வந்த இனமாகவே இருக்கும் என்கிறது.

தாயாக நடித்திருப்பவர் எலிசபெத் பாங்ஸ். படத்தின் உயிரே அவர்தான். கோழிக்கூட்டில் கோழிகள் குதறப்பட்டுக் கிடக்கின்றன. பிள்ளையின் மீது தகப்பனுக்குச் சந்தேகம். தாயோ, ஏதோ மிருகம் வந்திருக்கும் என்கிறாள். உடன் படிக்கும் சிறுமியின் கையை நசுக்குகிறான். தாய் அதற்கும் ஏதாவதொரு சமாதானம் தேடுகிறாள். பிறந்தநாளுக்கு மாமன் கொடுத்த துப்பாக்கியைத் தகப்பன் மறுத்தபோது எல்லோர் முன்னிலையிலும் மேசையில் அடித்துக் கத்துகிறான். வயதுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். யாருடைய வீட்டில் இது நடப்பதில்லை? வளர்ந்து வரும் ஆண் பிள்ளையின் முகத்தில் திடீரென்று ஓர் அந்நியனைக் காணாத தாய் யார்? அந்தப் பயத்தைத்தான் இயக்குநர் பிடித்திருக்கிறார். இரத்தக் காட்சிகளை விட இந்த இடங்கள்தான் மனதைப் பிசைகின்றன.

அவனது கொப்பியில் அவன் செய்த கொலைகளையெல்லாம் வரைந்து வைத்திருப்பதைக் கண்ட பிறகுதான் அவளது கண் திறக்கிறது. அவன் உடம்பைக் கீறக்கூடியது அவன் வந்த கலத்தின் உலோகம் ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும். உடைந்த துண்டொன்றை மறைத்துக்கொண்டு, நீ நல்லவன்தான் என்று சொல்லி மகனைக் கட்டியணைக்கிறாள். கை மேலே உயர்கிறது. அவன் அதைப் பிடித்துவிடுகிறான். அடுத்து வருவதை இங்கே எழுத மனமில்லை.

இதே மூலக் கதையை நல்லதாகவும் கெட்டதாகவும் எடுத்துக்காட்டிய மனிதர் ஒருவர் உண்டு. ரிச்சர்ட் டொனர். 1976இல் ‘த ஓமன்’ என்ற பயங்கரப் படத்தை எடுத்தார். அதில் ஓர் அமெரிக்கத் தூதுவரின் வீட்டில் தத்துப் பிள்ளையாக வளர்வது சைத்தானின் வாரிசு. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1978இல், கிறிஸ்டோபர் ரீவ் நடித்த ‘சுப்பர்மேன்’ படத்தையும் அவரே எடுத்தார். ஒன்றில் பிள்ளையை எடுத்தவர்கள் அழிந்தார்கள். மற்றதில் பிள்ளையை எடுத்தவர்களால் உலகம் பிழைத்தது.

எனக்குப் ‘பிரைட்பேர்ன்’ மீது இருக்கும் மனத்தாங்கலும் இங்குதான். எடுத்து வளர்த்த பிள்ளைகள் உள்ள வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. பெற்றவர் யாரென்று தெரியாத பிள்ளையிடம் ஏதோவொரு நஞ்சு ஒளிந்திருக்கும் என்று ஊர் வாய் சும்மாவே பேசும். அந்தப் பேச்சுக்கு இத்தகைய படங்கள் எண்ணெய் ஊற்றுகின்றன. பிரெண்டன் ஏன் கெட்டான்? கலம் சொன்னது, கெட்டான். தாய் தகப்பன் என்ன செய்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இதைக் கதை என்பதை விடச் சோம்பல் என்றே சொல்வேன்.

இதற்கு முன்பே, 2012இல், ‘குரோனிக்கிள்’ என்றொரு படம் வந்தது. ஜொஷ் டிராங்க் இயக்கியது. சியாட்டில் நகரத்து மூன்று மாணவர்கள் நிலத்தடியில் ஏதோவொன்றைத் தொட்டுச் சக்தி பெறுகிறார்கள். அவர்களில் அன்ட்ரூ என்பவனின் வீட்டைப் பாருங்கள். தாய் சாவோடு போராடிக் கொண்டிருக்கிறாள். தகப்பன் குடித்துவிட்டு மகனை அடிக்கிறான். பாடசாலையிலும் அடி, அவமானம். சக்தி வந்த மூன்று பேரில் அவன் ஒருவன்தான் கெடுகிறான். அதுவும் ஒரே நாளில் அல்ல. தாயின் மருந்துக்குக் காசில்லாமல் கொள்ளையடிக்கப் புறப்படும் காட்சியில் அவன் மீது கோபம் வருவதில்லை, இரக்கம்தான் வருகிறது. இரண்டு படங்களில் எது நல்லது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஒரு விடயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ‘பிரைட்பேர்ன்’ ஒன்றரை மணித்தியாலப் படம்தான். ஆனால் அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றித் தியேட்டரில் பார்க்க அனுமதி இல்லாத தரம். ஒரு பெண்ணின் கண்ணில் கண்ணாடித் துண்டு ஏறும் காட்சியும், வாகன விபத்தில் ஒருவரின் தாடை பிளந்து தொங்கும் காட்சியும் பெரியவர்களையே தூங்க விடாது. விளம்பரப் படத்தில் ஒரு சிறுவன் சிவப்புத் துணி பறக்க நிற்பதைப் பார்த்துவிட்டு, சுப்பர்மேன் படம்தானே என்று கைத்தொலைபேசியைச் சின்னவர்களிடம் கொடுத்துவிட வேண்டாம்.