உடம்புக்குள் ஓடும் தறி

பட்டுப்புழுவைப் பற்றி ஒரு சேதி. ஆரணியில் பிறந்து தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய எனக்கே இது ரொம்ப நாள் தெரியாது. முட்டையிலிருந்து வந்த புழு ஏறக்குறைய நாலு வாரம் மல்பெரி இலையாகத் தின்கிறதே, அதற்குள் அதன் எடை சுமார் 10,000 மடங்கு கூடிவிடுகிறதாம்! அதன் உடம்புக்குள் இரண்டு பட்டுச் சுரப்பிகள். அந்தச் சுரப்பியின் செல்கள் மற்ற செல்களைப் போல ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகுவதில்லை. எண்ணிக்கை அப்படியே இருக்க, ஒவ்வொரு செல்லும் பெருத்துப் பெருத்து, பட்டுப் புரதம் செய்வதே வேலையாக இருக்கிறது. கூடு கட்டி முடிந்ததும் அந்தச் சுரப்பி தானாகவே அழிந்துபோகிறது. வேலையும் முடிந்தது, ஆயுசும் முடிந்தது!

இதைச் சொன்னவள் என் நாத்தனார் மகள். வேலூரில் எம்.எஸ்சி. படிக்கிறாள். "மாமி, நம்ம உடம்புலயும் ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் தறி ஓடுது" என்றாள். விடுவேனா? உட்கார வைத்து முழுசாகக் கேட்டுக்கொண்டேன்.

நம் ஊர்த் தறியையே நினைத்துக்கொள்ளுங்கள். புடவையின் டிசைன் வரைந்த தாள் முதலாளி வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். தறிக்கு வருவது அந்தத் தாள் அல்ல. அதைப் பார்த்துத் துளை போட்ட ஜக்கார்டு அட்டைகள்தான். அட்டை சொல்கிறபடி பாவு இழை தூக்கும், நாடா குறுக்கே ஓடும், கரையில் அன்னமோ மாங்காயோ விழும். செல்லுக்குள் டி.என்.ஏ. என்பது பீரோவில் இருக்கும் தாள். ஆர்.என்.ஏ. என்பது துளை போட்ட அட்டை. அதைப் படித்துப் புரதத்தை நெய்கிற தறிக்குப் பெயர் ரைபோசோம். தார் சுற்றி எடுத்துக் கொடுக்கிற பெண்பிள்ளை மாதிரி, சரியான சரக்கை நேரத்துக்குக் கொண்டுவந்து தறியில் சேர்க்கிற சின்ன ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. பட்டில் கிளைசின், அலனைன் என்ற இரண்டு சரக்கும்தான் மிக அதிகம். அதனால் புழுவின் சுரப்பியில் இந்த இரண்டையும் சுமந்து வரும் சின்ன ஆர்.என்.ஏ.க்கள் குவிந்து கிடக்கின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் கே.பி.கோபிநாதன் குழுவினர் பல வருஷம் ஆராய்ந்தது இந்த விஷயத்தைத்தான்.

ரைபோசோம் என்ற தறி எப்படி அமைந்திருக்கிறது என்று அணு அணுவாகக் கண்டறிந்து 2009-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் நம் சிதம்பரத்தில் பிறந்தவர். வெங்கி ராமகிருஷ்ணன். 1952-ல் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோருடன் பரோடாவுக்குப் போய், பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அதற்குப் பிறகு 'எனக்கு உயிரியல்தான் வேண்டும்' என்று மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தாராம்! அவருடைய அம்மா ராஜலட்சுமியும் சாமானியப்பட்டவர் அல்ல. 1950-களிலேயே கனடா போய் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பரிசைப் பகிர்ந்துகொண்ட மற்ற இருவரில் இஸ்ரேலைச் சேர்ந்த ஆடா யோனத் ஒரு பெண்மணி. இதையெல்லாம் நம் பெண் குழந்தைகளிடம் சொல்ல வேண்டாமா?

சரி, வயதாவதற்கும் இந்தத் தறிக்கும் என்ன சம்பந்தம்?

இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்வார்? மிதியை நிறுத்திவிட்டு, இழையைப் பிணைத்த பிறகுதான் அடுத்த ஊடை. செல்லும் அப்படித்தான். சூடு, பட்டினி, கிருமி என்று ஏதாவது சங்கடம் வந்தால் பெரும்பாலான தறிகளை நிறுத்திவிட்டு, பழுது பார்க்கத் தேவையானதை மட்டும் நெய்கிறது. 1962-ல் இத்தாலியில் ரிட்டோசா என்ற விஞ்ஞானி சின்னப் பழ ஈக்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். யாரோ அவருடைய பெட்டியின் சூட்டைக் கூட்டிவிட்டார்கள். மறுபடி பார்த்தால், அதுவரை சும்மா இருந்த சில ஜீன்கள் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தன! கோணிப்போன புரதங்களை நிமிர்த்துகிற உதவிக்காரப் புரதங்களுக்கான ஜீன்கள் அவை என்று பின்னால் தெரிந்தது. இளமையில் இந்த நிறுத்தம், பழுது, மறுபடி ஓட்டம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வயது ஏற ஏறத் தடுமாறுகிறது. கோணல் புரதங்கள் சிக்குப் பிடித்த நூல் மாதிரி சேர்ந்துவிடுகின்றன. நினைவை அழிக்கும் அல்சைமர் வியாதியில் மூளையில் சேர்வதும் இப்படிப்பட்ட சிக்குதான்.

இன்னொரு சங்கதி இருக்கிறது. சாயப்பட்டறையில் நூல் கண்டு மாறிப்போகாமலிருக்க அடையாளக் கயிறு கட்டுவார்கள் அல்லவா? ஆர்.என்.ஏ. எழுத்துக்களின் மேலும் இயற்கை அப்படிச் சின்னச் சின்ன ரசாயன அடையாளங்களைக் கட்டி வைத்திருக்கிறது. இதுவரை தெரிந்தது 150-க்கும் மேல். 2015-ல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் டேனி நெடியால்கோவா என்ற பெண் விஞ்ஞானியும் செபாஸ்டியன் லைடலும் ஈஸ்ட்டிலும் ஒரு நுண்ணிய புழுவிலும் ஓர் அடையாளத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சில இடங்களில் தறி தயங்கித் தயங்கி ஓடியது. புரதங்கள் சிக்குப் பிடித்தன. ஒரு சின்னக் கயிறுதானே என்று நினைத்தால் இத்தனை வினை!

இதே அடையாள வித்தைதான் கோவிட் காலத்தில் உலகத்துக்குக் கை கொடுத்தது. ஹங்கேரியில் ஒரு கசாப்புக்காரரின் மகளாகப் பிறந்த கேட்டலின் கரிகோவும் அமெரிக்கர் ட்ரூ வைஸ்மேனும், ஆர்.என்.ஏ.யில் ஒரே ஓர் எழுத்தை அடையாளமிட்ட எழுத்தாக மாற்றினால் உடம்பு அதைப் பகையாக எண்ணிச் சீறுவதில்லை என்று 2005-ல் எழுதினார்கள். அப்போது கவனித்தவர்கள் குறைவு. 2020-ல் ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகள் அதன் மேல்தான் எழுந்தன. 2023-ல் நோபல் பரிசும் வந்தது. (நம் ஊரில் போட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் வேறு வகை.)

இவ்வளவு தெரிந்துவிட்டதே, இளமைக்கும் மருந்து வந்திருக்குமே என்று தோன்றும். எங்கள் தெருவிலும் ஒரு பெண் பை நிறைய டப்பாக்களோடு வந்தாள். 'செல்லைப் புதுப்பிக்கும்' மாத்திரையாம். மாசத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம். பக்கத்து வீட்டில் தார் சுற்றிச் சம்பாதிக்கிறவள், வயது முப்பத்தெட்டுதான், என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, இத சாப்ட்டா பத்து வயசு கொறையுமாமே? படி ஏறினா மூச்சு வாங்குதுக்கா, கெழவியாட்டம் ஆயிட்டேன்."

வெங்கி ராமகிருஷ்ணன் 2024-ல் 'நாம் ஏன் இறக்கிறோம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். முதுமையை வெல்கிறோம் என்று உலகத்தில் 700-க்கும் மேற்பட்ட புதுக் கம்பெனிகள் கிளம்பியிருக்கின்றனவாம். ஆராய்ச்சி நிஜம்தான், நம்பிக்கையும் உண்டு. ஆனால் மனிதருக்கு வயதைத் திருப்பும் என்று நிரூபணமான மாத்திரை இன்னும் ஒன்றுகூட இல்லை. அளவான சத்துள்ள சாப்பாடு, உடற்பயிற்சி, நல்ல தூக்கம் — இந்த மூன்றையும்தான் அவர் சொல்கிறார். தறியின் ஆணிவேர் வரை பார்த்தவர் சொல்வது இது!

நான் அவளை மாத்திரை வாங்க விடவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. மூச்சு வாங்கியது கிழத்தனத்தால் அல்ல, ரத்தசோகையால். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. 'வயசாயிடுச்சு' என்று நம்மில் எத்தனை பேர் இதைச் சுமந்துகொண்டு திரிகிறோமோ! இரும்புச்சத்து மாத்திரை அங்கேயே இலவசமாகக் கொடுத்தார்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். மாத்திரை போடும்போது கூடவே காபி, டீ குடிக்காதே, சத்து சரியாகச் சேராது என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார்.

சாப்பாடும் நடையும் எப்படியாவது ஆகிவிடும். தூக்கத்துக்குத்தான் வழி காணோம். முகூர்த்த மாசம் வந்தால் எங்கள் தெருவில் ராத்திரி பன்னிரண்டு வரை தறி ஓடும். ஆண்கள் நெய்து முடித்துப் படுத்த பிறகும், மறுநாளைக்குத் தார் சுற்றி வைக்கிறவர்கள் நாங்கள்தான். விடிந்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு டப்பா கட்ட வேண்டும். இந்த ஆவணிக்குப் பத்து மணிக்கெல்லாம் தறியை நிறுத்திவிடலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். "முதலாளியைக் கேட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார்.