பாலத்தின் தடிமனும் கணிப்பொறிக் கணக்கும்

நுகத்தடியைப் பற்றி உழவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அது நடுவில் பருத்தும் முனைகளில் மெலிந்தும் இருக்கும். ஏர்க்கால் பிணையும் நடுவிடத்திலேதான் மரத்தை வளைக்கும் விசை மிகுதி. ஆதலால், தச்சர் அங்கே மரத்தை நிறுத்தி, தேவையற்ற இடத்தில் செதுக்கிவிடுகிறார். காங்கிரீட் பாலம் கட்டும் இஞ்சினீயரும் இதே முறையைக் கையாளுகிறார். பல கண்களையுடைய பாலத்தில் தூண்களின்மேல் தளம் தடித்தும், கண்ணின் நடுவில் மெலிந்தும் அமைவதைக் காணலாம். இது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. தடித்த இடம் பாரத்தைத் தாங்குகிறது. மெலிந்த இடம் பாலத்தின் சொந்த எடையைக் குறைக்கிறது.

இத்தகைய பாலத்தின் வலிமையை இந்நாளில் கணிப்பொறியைக் கொண்டு கணக்கிடுகின்றனர். இதற்கென ஸ்டாட், மைடாஸ் போன்ற செயல்முறைகள் உள்ளன. பாலத்தைப் பல சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நீளம், தடிமன், பொருளின் தன்மை ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால், பாரம் ஏறும்போது எது எவ்வளவு வளையும் என்பதை அது கூறிவிடும். ஆனால் கணிப்பொறி பாலத்தைக் கண்ணால் கண்டதில்லை. நாம் கொடுத்த எண்களே அதற்குப் பாலம். எண்களில் பிழையிருப்பின், விடையும் பிழையாகவே இருக்கும்.

தடிமன் மாறும் இடத்தில் நேரக்கூடிய முதற்பிழை, சராசரி எடுப்பதாகும். தூணருகே 40 சென்டிமீட்டரும் நடுவில் 20 சென்டிமீட்டரும் உள்ள தளத்தை, எங்கும் 30 சென்டிமீட்டர் என்று எழுதிவிடுவது எளிது. தடிமன் சீராகக் குறைந்து வருமாயின், மொத்த எடை இதனால் மாறாது. ஆகவே பிழையும் எளிதில் புலப்படாது. ஆனால் வளையாமல் நிற்கும் உறுதி வேறு கணக்கைப் பின்பற்றுகிறது. தடிமன் இரு மடங்கானால் உறுதி எட்டு மடங்காகும். ஆகையால் சராசரிக் கணக்கோடு ஒப்பிட்டால், தூணருகே உண்மையான உறுதி சுமார் 2.4 மடங்கு, நடுவிலோ பத்தில் மூன்று பங்கே.

இதனால் விளையும் தீங்கு யாது? குடும்பத்தில் உழைக்கிறவர் தலையிலேயே மேலும் வேலை விழுவதுபோல, பாலத்தில் உறுதியான பகுதியே மிகுதியான வளைவிசையைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. சராசரிக் கணக்கு இதைக் குறைத்துக் காட்டும். அதை நம்பித் தூணின்மேல் தளத்தின் மேற்பக்கத்தில் குறைவாகக் கம்பியிட்டால், அங்கே வெடிப்புக் காணும், மழைநீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும்.

சரியான வழி என்ன? தளத்தைச் சிறு சிறு நீளங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய தடிமனைக் கொடுக்கலாம். அல்லது துண்டின் இரு முனைகளுக்கும் வெவ்வேறு தடிமன் கொடுக்கலாம். பிறகு துண்டுகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கிப் பார்க்க வேண்டும். விடை பெரிதும் மாறாவிடில் பகுப்பு போதுமானது என்று கொள்ளலாம். மேற்பரப்பு மட்டமாகவும் அடிப்பாகம் சரிந்தும் இருந்தால், தடிமனின் நடுக்கோடு தூணை நோக்கித் தாழ்ந்து செல்லும். இதையும் குறிப்பிட்டாக வேண்டும். இல்லாவிடில் செயல்முறை நடுக்கோட்டை மட்டமாகவே வைத்துக்கொண்டு, தடிமனை மேலும் கீழுமாகச் சமமாகப் பகிர்ந்துவிடும். அது வேறொரு பாலத்தின் கணக்காகும்.

பெரிய பாலங்களில் இவ்விஷயம் எத்துணை முக்கியமானது என்பதற்குப் பசிபிக் சமுத்திரத்திலுள்ள பலாவு நாடு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே கொரோர், பாபல்டாப் என்னும் இரு தீவுகளை இணைத்து 1977-இல் காங்கிரீட் பாலம் ஒன்று கட்டப்பட்டது. அதன் நடுக்கண் சுமார் 241 மீட்டர். உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி போன்ற அதன் உத்தரம், தூணருகே சுமார் 14 மீட்டர் உயரமும், நடுவில் 4 மீட்டருக்கும் குறைந்த உயரமும் உடையது. காலப்போக்கில் நடுப்பகுதி 1.5 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. இது எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகும். பழுது பார்த்த சில மாதங்களில், 1996 செப்டம்பர் 26 அன்று, பாலம் இடிந்து விழுந்து இருவர் உயிரிழந்தனர்.

பின்னர் அமெரிக்கப் பேராசிரியர் பசாந்தும் அவருடைய குழுவினரும் அப்பாலத்தைக் கணிப்பொறியில் மீண்டும் ஆராய்ந்தனர். நெடுநாள் பாரத்தின்கீழ் காங்கிரீட் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும் இயல்பைப் பழைய சூத்திரங்கள் குறைத்து மதித்தமை தாழ்வுக்கு முக்கிய காரணமென்று கண்டனர். அத்துடன், முழுப் பாலத்தையும் ஒரே கோடாகப் பாவிக்கும் கணக்கு போதாது என்பதும் தெளிவாயிற்று. தடித்த தளம் மெதுவாகவும் மெல்லிய தளம் விரைவாகவும் உலர்ந்து சுருங்குவதால், ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் தடிமனைக் கொண்டே கணக்கிட வேண்டியிருந்தது.

நம் ஊர் ஓடைப் பாலம் அத்துணைப் பெரியதன்று. ஆயினும் விதி ஒன்றே. எனவே பாலத் திட்டம் ஊருக்கு வரும்போது பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இஞ்சினீயரிடம் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்கலாம். வரைபடத்தில் தடிமன் மாறும் இடங்கள் கணக்கிலும் அவ்வாறே உள்ளனவா? பகுப்பை நுணுக்கமாக்கி விடையைச் சரிபார்த்தாயிற்றா? கணிப்பொறி காட்டும் மொத்த எடை, கன மீட்டருக்கு 2.5 டன் வீதம் கையால் போட்ட கணக்கோடு பொருந்துகிறதா? தடிமன் மாற்றத்தை எடை மட்டும் காட்டிக்கொடுக்காது என்பதை மேலே கண்டோம்; ஆகவே மூன்று வினாக்களும் தேவை.

வேலை நடக்கும்போதும் கவனம் வேண்டும். தூணருகே அடிப்பலகையின் சரிவு வரைபடப்படி உள்ளதா என்பதை, காங்கிரீட் ஊற்றுமுன் அளந்து பார்ப்பது எளிது, ஊற்றியபின் இயலாது. நெல் மூட்டைகளும் பள்ளிப் பிள்ளைகளும் நெடுங்காலம் கடந்து செல்லவேண்டிய பாலம் அது. ஓர் அளவுகோலும் ஒரு வினாவும் அதற்கு நாம் அளிக்கும் காவலாகும்.