பூனையும் தும்மலும்

ரஞ்சன்குடிக் கோட்டையைச் சார்ந்த எம்மூரில், மக்காச்சோளம் வந்து குவியும் வீடுகளிற் பூனைக்கு என்றும் இடமுண்டு. எலியை ஒழிக்க அதனினும் எளிய வழி யாது? ஆயின், அதனை மடியிலேற்றிய சிறிது நேரத்திற் கண் சிவந்து, மூக்கில் நீரொழுகத் தும்முவாரும் உளர். அவருள் யாமும் ஒருவேம். பூனை இருப்பதா, யாம் இருப்பதா என்னும் வழக்கு எம்மில்லத்தில் எழுந்தது.

பழியைப் பூனையின் மயிர்மேல் ஏற்றுவர் பலர். மயிர் சுமப்பதேயன்றிச் செய்வதன்று. பூனையின் உமிழ்நீரிலும் தோலின் நெய்ச்சுரப்பிகளிலும் 'பெல் டி 1' என்னும் புரதம் தோன்றுகின்றது. கம்பர் அவையடக்கத்திற் கூறிய பூனை பாற்கடலை நக்கப் புகுந்தது. எம் பூனையோ தன்னையே ஓயாது நக்குகின்றது! அவ்வெச்சில் உலர்ந்து, நுண்துகளாய்க் காற்றில் மிதந்து, மூச்சோடு உட்புகும். தீங்கற்ற அதனைப் பகையென மயங்கி உடல் போர் தொடுக்கும். இத்தகைய மாறுபாட்டிற்கு 1906-இல் வியன்னா மருத்துவர் பிர்க்கே 'அலர்ஜி' எனப் பெயரிட்டார். ஒவ்வாமை என்பது தமிழ்.

பூனையைத் துரத்தினும் உடனே நலமுண்டாகாது. அப்புரதம் மெத்தையிலும் திரையிலும் மாதக்கணக்கில் தங்கும். ஆதலின் ஓர் உடன்பாடு செய்தோம்: குதிரும் திண்ணையும் பூனைக்கு, படுக்கையறை எமக்கு. அதன் கதவு எந்நேரமும் சாத்தியிருக்கும். தலையணையுறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைப்போம். பூனையைத் தொட்ட கையைக் கழுவாது கண்ணைத் தொடோம். தும்மல் குறைந்தது, அற்றுப்போகவில்லை. மூச்சு இளைக்குமாயின் இவ்வுடன்பாடு போதாது. மருத்துவரைக் காண்டல் வேண்டும். பூனைக்கு வேறு வீடு தேடவும் நேரும். இதற்குமட்டும் எம் பாட்டியார் இன்னும் இசைந்திலர்.